சூடை மீனுக்குள் ஒரு சுனை

திருகோணமலைக் கரையில் விடியற்காலையில் இறங்கும் ஒரு சூடை மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும் உடம்பு. அதன் சதையில் 100 கிராமுக்கு 70 கிராமுக்கும் மேலாகத் தண்ணீர் இருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவந்தது முதல் வலையில் விழுந்தது வரை அந்த மீன் உப்புக் கடலைத் தவிர வேறெதையும் கண்டதில்லை. லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்புக் கரைந்த நீரிலேயே பிறந்து, அதிலேயே வளர்ந்தது. ஆனாலும் அதன் உடம்புக்குள் இருப்பது கடல்நீர் அல்ல. கடலின் செறிவில் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள, உயிருக்கு இதமான நீர்.

வள்ளத்திலிருந்து கூடையை இறக்கும்போது தவறி மணலில் விழுந்த சூடையை ஒரு பூனை கவ்விக்கொண்டு ஓடுகிறது. யாரும் துரத்துவதில்லை, கரையில் அது பூனையின் பங்கு என்று விட்டுவிடுவார்கள். கவிழ்த்துப் போட்ட தோணியின் நிழலுக்குள் போய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கடைவாய்ப் பல்லால் நறுக்கித் தின்கிறது. அன்றைய சாப்பாடும் அன்றைய தண்ணீரும் அந்த ஒரே கவ்வலில் வந்து சேர்ந்துவிட்டன. நாலு பக்கமும் குடிக்க முடியாத தண்ணீர் சூழ்ந்த கரையில், குடிக்கத் தகுந்த தண்ணீரை மீனுக்குள் வைத்துப் பூனைக்கு அனுப்பும் இந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

அந்த மீன் எப்படி அந்த நீரைச் சேர்த்தது என்பது தனிக் கதை. கடல் மீனின் உடம்பிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிகிறது; சுற்றியிருக்கும் உப்பு அதை இழுத்தெடுக்கிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய மீன் கடலையே குடிக்கிறது. இதை 1930 இல் அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் ஹோமர் ஸ்மித் காட்டினார். குடித்த உப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்கு அடுத்த ஆண்டே அன்செல் கீஸ் விடை கண்டார். செவுள்களில் உள்ள நுண்ணிய உயிரணுக்கள் உப்பைப் பிரித்துக் கடலுக்கே திருப்பி அனுப்புகின்றன. மீன் வெட்டுபவர் முதலில் கிள்ளி எறிகிறாரே, இரத்தச் சிவப்பாக ஒரு செவுள், அதுதான் அந்தச் சுத்திகரிப்பு நிலையம். சுறாவுக்கும் திருக்கைக்கும் படைத்தவன் வேறு வழி வைத்தான். அவை யூரியாவை உடம்பில் தேக்கி வைத்துக் கடலோடு சமனாகிவிடுகின்றன. சற்றுப் பழசாகிப்போன திருக்கையில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, அந்த யூரியா சிதைந்து வருவதுதான்.

இனிப் பூனைக்கு வருவோம்.

இலங்கைக் காடுகளுக்கென்று சொந்தமாக நான்கு பூனை இனங்கள் உண்டு. சிறுத்தை, நம்மவர் கொடுப்புலி என்று சொல்லும் மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, பெரும்பாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டாத துருப்புள்ளிப் பூனை. கடைசியாகச் சொன்னது உலகின் மிகச் சிறிய பூனைகளுள் ஒன்று. கொடுப்புலி தண்ணீருக்குள் இறங்கி நீந்தி மீன் பிடிக்கும். நம் அடுப்படியில் படுத்திருக்கும் பூனை இந்த நாலில் எதன் வம்சமும் இல்லை. அதன் பாட்டன் மேற்கு ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த வேறோர் இனமான மணல்நிறக் காட்டுப்பூனை. உலகெங்கிலுமிருந்து சேர்த்த பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, கார்லோஸ் டிரிஸ்கோல் குழுவினர் 2007 இல் இதை உறுதிப்படுத்தினார்கள். சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு புதைகுழியில் மனிதர் ஒருவருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் கிடத்தப்பட்டிருந்தது. அவ்வளவு பழைய உறவு. ஆனால் அந்த உறவு தொடங்குமுன்பே, பல இலட்சம் ஆண்டுகளாக, மழை அருகிய நிலம் அந்த இனத்தின் உடம்பைச் செதுக்கி முடித்துவிட்டது.

செதுக்கியதில் மிக நேர்த்தியான பகுதி சிறுநீரகம். நாலு கிலோப் பூனையின் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டும் நீர் பத்து லீற்றருக்கு மேல். அத்தனையையும் வடித்து, வேண்டாத கழிவை மட்டும் ஒதுக்கி, மற்றதை ஏறக்குறைய முழுவதுமாக உடம்புக்குத் திருப்பிக் கொடுத்தபின், வெளியே போவது சுமார் 100 மில்லிலீற்றர்தான். ஒரு தேநீர்க் கோப்பை நிரம்பாது. மனிதனின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் வடிகட்டிகள் உண்டு. பூனைக்கோ சுமார் இரண்டு இலட்சம். தொகை குறைவு, ஆனால் வேலைப்பாடு ஆழமானது. ஒவ்வொரு வடிகட்டியிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் சிறுநீரகத்தின் உள்மையம் வரை இறங்கி, கொண்டை ஊசிபோல வளைந்து, மேலே ஏறுகிறது. 1862 இல் இதை விவரித்த ஜெர்மானியர் ஜேக்கப் ஹென்லேயின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. மனிதச் சிறுநீரகத்தில் இந்த வளைவுகளில் பெரும்பாலானவை குட்டையானவை, பூனைக்கு நெட்டையானவை. இறங்கும் குழாயும் ஏறும் குழாயும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் மையத்தில் உப்பு திரண்டு, கடைசியாகக் கடந்து செல்லும் சிறுநீரிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறது.

குளக்கோட்டன் கட்டுவித்ததாக நம் மரபு சொல்லும் கந்தளாய்க் குளத்தை நினைத்துக்கொள்கிறேன். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் கொட்டும் மாரி மழையைத் தேக்கி, வறண்ட மாதங்கள் முழுவதும் வயலுக்கும், இன்று நம் நகரத்துக் குழாய்களுக்கும் அளந்து விடுகிற குளம் அது. வறண்ட நிலத்தின் ஞானம் அது. அதே ஞானத்தை ஒரு பெரியநெல்லி அளவேயுள்ள உறுப்புக்குள் எழுதி வைத்த கை யாருடையது என்று கேட்டால், எனக்கு ஒரே பதில்தான் இருக்கிறது.

எவ்வளவு செறிவாக்க முடியும் என்பதைச் சில எண்கள் சொல்லும். கடல்நீரில் கரைந்தவற்றின் செறிவு லீற்றருக்குச் சுமார் 1,000 மில்லிஒஸ்மோல். மனிதச் சிறுநீர் எட்டக்கூடிய உச்சம் 1,200 ஐ ஒட்டியது. அதிலும் உப்பை மட்டும் பார்த்தால் கடல் அளவுக்குச் செறிவாக்க நம்மால் முடியாது. அதனால்தான் கடலில் தத்தளிக்கும் மனிதன் கடல்நீரைக் குடித்தால், குடித்த உப்பை வெளியேற்றக் குடித்ததைவிடக் கூடுதலான நீரை இழந்து சாகிறான். பூனையின் சிறுநீரோ 3,000 ஐத் தாண்டும். 1959 இல் ஏ.வி. வுல்ஃப் என்ற அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்கள். புதிய மீனோ கொழுப்பற்ற இறைச்சியோ மட்டும் தின்று, ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமலே பூனைகள் தம் நீர்த்தேவையைச் சமாளித்தன என்றது ஒன்று. நீரிழந்த பூனை கடல்நீரைக் குடித்துக்கூட மீள முடிந்தது என்றது மற்றது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுப் பூனைக்குக் கடல்நீர் வைத்துப் பார்க்க வேண்டாம். ஆய்வுகூடத்தில் ஓர் உயிர் தாக்குப்பிடித்தது என்பது வேறு, அதற்கு அது நல்லது என்பது வேறு.

பாய்க்கப்பல் காலத்தில் எல்லாக் கடல்களையும் பூனை கடந்து போனது எலி பிடிக்கும் திறமையால் மட்டும்தானா என்று நான் யோசிப்பதுண்டு. மாலுமிகளுக்கே குடிநீரை அளந்து ஊற்றிய கப்பல்களில், எலியையும் மீன் துண்டையும் தின்று, தண்ணீர்ப் பீப்பாயில் அதிகம் பங்கு கேட்காத ஒரு துணை வேறு எது? 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாக இருந்தது நம் துறைமுகம். அந்தக் கடற்படை தன் கப்பல்களில் பூனை வைத்திருக்கக் கூடாதென்று தடைபோட்டது 1975 இல்தான். இன்று கரையோரத்தில் மீன் தலைக்குக் காத்திருக்கும் பூனைகளில் எத்தனைக்கு அந்தக் கப்பல் பூனைகளின் இரத்தம் இருக்குமோ!

தண்ணீர் குடிப்பதிலும் பூனைக்கென்று ஒரு கலை உண்டு. வீட்டில் பூனை இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் ஒடுக்கி வைத்து, தலையைத் தாழ்த்தி, நீர்மட்டத்துக்கு மிக அருகில் நிறுத்துகிறது. மோவாய் நனைவதில்லை, மீசை நனைவதில்லை. நாக்கு மட்டும் போய்ப் போய் வருகிறது. அது என்ன செய்கிறதென்று நம் கண்ணுக்குப் பிடிபடாது. நொடிக்கு ஏறத்தாழ நான்கு தடவை அசைகிற வேகம் அது.

இந்த இரகசியம் 2010 இல்தான் துலங்கியது. ரோமன் ஸ்டாக்கர் என்ற பொறியியல் பேராசிரியர், காலைச் சாப்பாட்டு வேளையில் குட்டா குட்டா என்ற தன் பூனை தண்ணீர் குடிப்பதைப் பார்த்து வியந்து, பெட்ரோ ரெய்ஸ், சுங்ஹ்வான் ஜங், ஜெஃப்ரி அரிஸ்டாஃப் ஆகிய மூவரோடு சேர்ந்து அதிவேகக் கமராவில் பதிவுசெய்தார். பூனை தண்ணீரை அள்ளுவதில்லை. நாக்கு நுனியைக் கீழ்ப்பக்கமாக மடித்து, அதன் மேற்பரப்பால் நீரின் மேல்மட்டத்தைத் தொடுகிறது; தொட்டதும் விருட்டென்று மேலே இழுக்கிறது. ஒட்டிக்கொண்ட நீர் ஒரு மெல்லிய தூணாக நாக்கோடு எழும்புகிறது. ஏறுகின்ற உந்துதலும் கீழே இழுக்கின்ற புவியீர்ப்பும் சமனாகி, தூண் அறுந்து விழப்போகும் அந்தக் கணத்துக்குச் சற்று முன் வாயை மூடிக்கொள்கிறது. ஒரு தடவைக்குக் கிடைப்பது ஒரு மில்லிலீற்றரில் பத்திலொரு பங்கை ஒட்டியது. புலியும் சிங்கமும் இதே முறையில்தான் குடிக்கின்றன. நாக்கு பெரியதென்பதால் அவற்றின் தாளம் நிதானமானது. எந்த அளவு நாக்குக்கு எந்த வேகம் பொருந்தும் என்ற கணக்கைக் குட்டி எங்கே படித்தது? கண் திறந்து சில வாரங்களில் அது சட்டிக்கு முன்னால் குந்தி, பிழையில்லாமல் செய்துகாட்டுகிறது.

அந்த நாக்கிலேயே இன்னொரு அற்புதமும் இருக்கிறது. பூனை நக்கினால் அரம் உராய்வதுபோல இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சின்ன முட்களின் நுனி குழிவானது என்பதை 2018 இல் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் கண்டறிந்தார்கள். அந்தக் குழிக்குள் உமிழ்நீர் தானாகவே ஏறி நிற்கிறது. நக்கும்போது மயிர் அடர்த்தியின் அடிவரை போய் இறங்குகிறது. அது ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. பூனைக்கு வியர்வை உள்ளங்காலில் மட்டும்தான். ஆகவே உடம்பைத் தணிக்க இதுவும் பெரிய வழி. வைகாசி பிறந்து கச்சான் காற்று அனலாய் வீசத் தொடங்கினால், நம் பூனைகள் சீமெந்துத் தரையில் நீட்டி நிமிர்ந்து கிடந்து ஓயாமல் நக்கிக்கொள்வதைப் பார்க்கிறோமே, அழகுக்காக மட்டும் அல்ல அது. தன்னிடமுள்ள தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துத் தனக்கே தெளித்துக்கொள்கிறது. செலவழித்த தண்ணீர் எங்கிருந்தாவது திரும்பி வந்தாகவேண்டும்.

தண்ணீரின் சுவையையும் அதற்குத் தனியாகத் தெரியும். சுவீடன் நாட்டு இங்வே ஸோட்டர்மன் 1950களில் பூனையின் நாவிலிருந்து செல்லும் நரம்பைச் சோதித்தபோது, வெறும் தண்ணீர் பட்டாலே துடிக்கும் இழைகள் அதில் இருப்பதைக் கண்டார். இனிப்பை அறியும் மரபணுதான் பூனையில் செயலிழந்து கிடக்கிறது; 2005 இல் பிலடெல்பியாவில் அதைக் கண்டுபிடித்தார்கள். பாயாசம் அதற்கு ஒன்றும் சொல்லாது, பச்சைத் தண்ணீர் சொல்லும். நேற்றைய தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும் பூனையைப் பிடிவாதக்காரி என்று ஏசுகிறோம். அந்த நாக்குக்குத் தெரிவது நமக்குத் தெரிவதில்லை.

இவ்வளவு நேரம் வியந்துகொண்டே வந்தேன். இந்த வியப்பின் மறுபக்கத்தைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்களைத் திருமலைக்காரர் எல்லோரும் அறிவோம். வெயில் ஏறினால் அவை தண்ணீர் தேடி வாசலுக்கே வந்து நிற்கும். வாளியைக் கண்டால் முகத்தை உள்ளே விடும். நாயும் அப்படித்தான். நீரிழந்த நாய் கிடைத்த மாத்திரத்திலேயே குறையைத் தீர்த்துக் குடித்துவிடும். பூனை அப்படிச் செய்யாது. உடம்பில் நீர் குறைந்தாலும் அதன் தாகம் தாமதமாக எழும், மெல்ல எழும். குடித்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகவே ஈடுகட்டும். இரையிலேயே தண்ணீர் இருந்த உலகத்துக்காகப் படைக்கப்பட்ட உயிர் அது. அந்த உலகில் தாகம் உரத்துக் கத்த வேண்டிய தேவை இருக்கவில்லை.

அந்த இரையை மாற்றியது நாம். இப்போது நகரத்துக் கடைகளில் பூனைக்கான உலர் உணவு பக்கெட்டிலும் கிடைக்கிறது, நிறுத்தும் தருகிறார்கள். மீன் விலை எட்டாத உயரத்துக்குப் போன பிறகு அது பலருக்குக் கைகொடுத்தது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. நல்ல உலர் உணவில் பூனைக்கு வேண்டிய சத்து எல்லாம் இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை. கணக்கைப் பாருங்கள். நாலு கிலோப் பூனைக்கு நாளொன்றுக்கு எல்லாமாகச் சுமார் 200 மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும். அவித்த மீன் 200 கிராம் தின்றால் அதிலேயே 140 மில்லிலீற்றர் அளவு வந்துவிடும். உண்டது உடம்பில் எரியும்போது உள்ளேயே பிறக்கும் நீர் இன்னும் இருபது, இருபத்தைந்து. மிச்சத்துக்குச் சட்டியில் கொஞ்சம் நக்கிக் குடித்தால் போதும். 60 கிராம் உலர் உணவு தின்ற பூனைக்கோ, உணவில் கிடைப்பது ஐந்தாறு மில்லிலீற்றர். மிச்சம் 170 மில்லிலீற்றரையும் அந்தச் சின்ன நாக்கு, தடவைக்குப் பத்திலொரு பங்கு மில்லிலீற்றராக, சட்டியிலிருந்து எடுக்கவேண்டும். உலர் உணவு தின்னும் பூனை கூடுதலாகக் குடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ஈர உணவு தின்னும் பூனையின் மொத்தக் கணக்கை அது வழக்கமாக எட்டுவதில்லை. குறைகிற தண்ணீருக்கு ஈடாகச் சிறுநீரகம் சிறுநீரை மேலும் மேலும் சுண்டவைக்கிறது. இத்தனை நேரம் நான் வியந்த அதே வல்லமைதான். ஆனால் சுண்டிய சிறுநீரில் உப்புகள் படிகமாகத் திரள்கின்றன.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கடுவன் பூனைக்கு நேர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மண்பெட்டிக்குப் போவதும் குந்துவதும் வெறுமனே எழும்பி வருவதுமாக இருந்தது. பிறகு குரல் மாறி அழுதது. மிருக வைத்தியர் மேசையில் கிடத்தி அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“எப்ப அம்மா கடைசியா மூத்திரம் போனது?”

“தெரியாது டொக்டர். நேற்றையிலயிருந்து முக்கிக்கொண்டு இருக்கு. மலச்சிக்கல் எண்டுதான் நினைச்சன்.”

“சாப்பாடு?”

“பக்கெட் சாப்பாடுதான். முந்தி மீன் தலை அவிச்சுக் குடுத்தனான். இப்ப மீன் விக்கிற விலையில எங்கட கறிக்கே இல்ல.”

“தண்ணி குடிக்கிறதா?”

“வைக்கிறனான் டொக்டர். குடிக்கிறத நான் காணேல்ல.”

அந்தப் பூனை பிழைத்தது. குழாய் செலுத்தி அடைப்பை எடுத்தபோது வெளியே வந்த சிறுநீர் இரத்தம் கலந்து இருண்டிருந்தது. கடுவனின் மூத்திரக் குழாய் நுனிப்பக்கம் மிகக் குறுகியது. படிகத் துகளும் சளியும் சேர்ந்து ஒரு சின்ன உருண்டை வந்து அடைத்தாலே போதும். கழிவு இரத்தத்துக்குத் திரும்புகிறது, பொட்டாசியம் ஏறுகிறது, இதயம் நிற்கிறது. இரண்டு மூன்று நாட்களில் எல்லாம் முடிந்துவிடும். தண்ணீர்க் குறைவு மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. பயமும் மன அழுத்தமும்கூட இந்த நோயைக் கிளப்பும். ஆனால் தண்ணீர் நம் கையில் உள்ள காரணம். வயதான பூனைகளைப் பீடிக்கும் நாட்பட்ட சிறுநீரக நோயிலும் அந்த நெட்டைக் குழாய்கள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து போகின்றன. அப்போது பூனை சுண்டவைக்கும் வல்லமையை இழந்து, அள்ளி அள்ளிக் குடிக்கத் தொடங்கும். ஆகவே குடிக்காத பூனையைப் போலவே, திடீரென்று நிறையக் குடிக்கும் பூனையையும் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

என்ன செய்யலாம் என்றால், பெரிய செலவு எதுவும் இல்லை. சிரட்டையை விட அகன்ற சட்டி நல்லது. மண்சட்டி, பீங்கான், கண்ணாடி எதுவானாலும் சரி. விளிம்புவரை நிரப்புங்கள், மீசை ஓரத்தில் இடிபடாமல் குடிக்கட்டும். காலையும் மாலையும் கழுவி மாற்றுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் மண்பெட்டிக்குப் பக்கத்திலும் வைக்காமல், அது படுத்து எழும்பும் இடங்களில் ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள். சில பூனைகளுக்குக் குழாயடியில் சொட்டும் தண்ணீர்தான் பிடிக்கும், சிலவற்றுக்கு அசையாத தண்ணீர். உங்கள் பூனை எந்தக் கட்சி என்பதை அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் சவராக இருந்தால் நீங்கள் குடிக்கும் தண்ணீரையே அதற்கும் ஊற்றுங்கள். உலர் உணவின் மேல் கொஞ்சம் இளஞ்சூட்டு நீரை விட்டுப் பிசைந்து கொடுத்தால் பல பூனைகள் முகம் சுளிக்காமல் தின்னும்; ஊறியதை நெடுநேரம் வைத்திருக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் கைகண்ட வழி நம் அம்மம்மாக்கள் அறிந்ததுதான். மீன் வெட்டுமிடத்தில் தலையும் வால்துண்டும் மலிவாகக் கிடைக்கும். உப்பு, மிளகாய், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் அவித்து, முள் நீக்கி, அந்த அவித்த தண்ணீரோடு ஆறவைத்துக் கொடுங்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. கறிச்சட்டி வழித்த குழம்பு வேண்டவே வேண்டாம். கருவாடு உப்பு மூட்டை. பச்சை மீனை நாள் தவறாமல் கொடுப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. சூடைக் குடும்ப மீன்கள் பலவற்றில் பி1 உயிர்ச்சத்தை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. அவித்தால் அது செத்துப்போகும். பால் தண்ணீருக்கு மாற்று அல்ல. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது வயிற்றோட்டத்தைத்தான் தரும்.

உடம்பில் நீர் போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. தோளுக்கு மேலுள்ள தோலை மெல்லத் தூக்கி விட்டால் உடனே படியவேண்டும். வயதான பூனைக்குத் தோல் தளர்ந்திருக்கும், ஆகவே முரசைத் தொட்டுப் பாருங்கள். வழுவழுப்பாக ஈரமாக இருக்கவேண்டும், விரலில் பிசுபிசுக்கக் கூடாது.

கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள நம் முஸ்லிம் சகோதரர்களுக்கு இந்தச் செய்தி புதியதல்ல. நபிகள் நாயகத்தின் தோழர் அபூ கதாதா தொழுகைக்கு முன் வுழூச் செய்ய அவருடைய மருமகள் தண்ணீர் எடுத்து வைத்தபோது ஒரு பூனை வந்து வாய் வைத்தது. அவர் அதை விரட்டவில்லை. அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார். ஆச்சரியத்தோடு பார்த்த அந்த மருமகளிடம், பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வருபவர்களுள் ஒன்று என்று நபிகள் சொன்னதை எடுத்துச் சொன்னார். ஒரு பூனையை அடைத்து வைத்து, ஊணும் நீரும் கொடாமல் சாகவிட்ட பெண் அடைந்த தண்டனையையும் ஹதீஸ் சொல்கிறது. கோயில் திருவிழாவில் வெயிலில் நடந்து வருபவர்களுக்குத் தாகசாந்தி கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வாசலில் ஒரு சட்டி கூடுதலாக வைத்தால் அந்தப் புண்ணியம் நாலு காலுக்கும் எட்டும்.

கச்சான் காலம் முடிந்து ஐப்பசி மழை இறங்கும்வரை, தயவுசெய்து அந்தச் சட்டியை வற்றவிடாதீர்கள். வளர்த்த பூனையோ ஒழுங்கைப் பூனையோ, எது குடித்தாலும் குடிக்கட்டும். உங்கள் கடுவன் குந்திக் குந்தி முக்குவதைக் கண்டால், மலச்சிக்கல் என்று நீங்களாகவே முடிவு செய்யாமல், விடியட்டும் என்றும் காத்திராமல், உடனே மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.